வெளியே சாப்பிடப் போகிறோமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை. "இன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். எங்கேயாவது போய்ச் சாப்பிடுவோம்" என்கிறார் உங்கள் கணவர். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் போய்ச் சேர்வது எங்கே? போன மாதம் போன அதே கடை. அதே கொத்து ரொட்டி, அதே புரியாணி. ருசியில் குறைவில்லைதான். ஆனாலும் சகோதரிகளே, இத்தனை இன மக்கள் வாழும் கொழும்பில் வருடக்கணக்காகக் குடியிருந்தும், அடுத்த வீட்டுக்காரர் எதைச் சாப்பிடுகிறார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போவது சரிதானா?

"ஹலாலோ என்னவோ, யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அந்தக் கவனத்தைக் கைவிடும்படி நாம் சொல்லப் போவதில்லை. அதைக் கையில் வைத்துக் கொண்டே இந்த நகரைச் சுற்றி வர முடியும் என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

சைவக் கடையில் தொடங்குங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெரு ஆகிய இடங்களில் தமிழ் மக்கள் நடத்தும் சைவக் கடைகளை எல்லோரும் அறிவீர்கள். மசாலாத் தோசை, உளுந்து வடை, பொங்கல், பகலில் பல கறிகளுடன் சோறு. அடுப்படியில் இறைச்சி என்ற பேச்சே இல்லை. முதன்முதலாக வேறொரு சமூகத்தின் கடைக்குள் நுழையும் குடும்பத்துக்கு இதைவிட மனம் ஆறுதலான வாசல் கிடையாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வேறு கடையில் வாங்கிய இறைச்சி ரோல்ஸைக் கையில் கொண்டுபோய் அங்கே பிரித்து வைக்கக் கூடாது. நம் சட்டியின் சுத்தத்தை மற்றவர் மதிக்க வேண்டுமென எதிர்பார்க்கும் நாம், அவர்கள் சட்டியின் சுத்தத்தையும் மதிக்க வேண்டுமல்லவா?

கிராமத்துக் கைப்பக்குவம்

பத்தரமுல்லையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவகம் இருக்கிறது. அங்கே சமைப்பவர்களும் விற்பவர்களும் பெண்களே. உங்கள் கண் முன்னாலேயே சுட்டுத் தருவார்கள். குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, இலையில் மடித்து அவித்த ஹலப்ப என்று உள்நாட்டுத் தானியத்திலும் மரக்கறியிலும் செய்த பண்டங்களே அதிகம். வீட்டுக் கைத்தொழிலாகச் சிற்றுண்டி செய்து விற்க நினைக்கும் சகோதரிகள் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது வயிற்றுக்கும் நல்லது, தொழிலுக்கும் நல்லது.

சாதாரண சிங்களச் சோற்றுக் கடையில் இறைச்சியைப் பற்றி உறுதியில்லையா? விட்டுவிடுங்கள். பருப்பு, பலாப்பிஞ்சில் செய்த பொலொஸ் கறி, கொறக்காப் புளியில் வற்ற வைத்த அம்புல் தியல் மீன் ஆகியவை இருக்கும்போது இறைச்சியை நினைத்து ஏங்க என்ன இருக்கிறது? பன்றி இறைச்சி சமைக்கும் அடுப்படியா என்பதை மட்டும் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒரே கப்பலில் வந்த இரண்டு ருசிகள்

கொம்பனித்தெருப் பக்கம் போனால் நம் மலாய்ச் சகோதரர்களின் சமையல். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இவர்கள். பிட்டும் பாபத்தும், நாசி கோரெங், சாத்தே, மலாய் அச்சாறு எல்லாம் இவர்களின் கைவண்ணம். நம் பெருநாள் மேசையின் வட்டிலாப்பம் கூட மலாய் மக்களிடமிருந்து வந்தது என்றே பலரும் சொல்கின்றனர். தொழுகையில் தோளோடு தோள் நிற்கும் இவர்களின் வீட்டுச் சாப்பாட்டை நம்மில் எத்தனை பேர் ருசித்திருக்கிறோம்?

அதே ஒல்லாந்தர் காலத்தின் மற்றொரு பிள்ளை பறங்கியரின் லம்ப்ரைஸ். இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கலப்பு இறைச்சிக் கறி, பிரிக்கடெல் உருண்டை, கத்தரிக்காய், சீனிச் சம்பல், இறால் பிளச்சான் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதி செய்து சூளையில் வாட்டி எடுப்பார்கள். ஜாவாவின் 'லெம்பர்' என்ற இலைச்சோற்றிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். ஆனால் கவனம்! பழைய முறைப்படி செய்யும் கலப்புக் கறியில் பன்றி இறைச்சியும் சேர்வதுண்டு. பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஹலால் கோழியில் செய்து விற்கும் முஸ்லிம் கடைகளும் உண்டு. விரும்பினால் நீங்களே வீட்டில் செய்யலாம்.

சீனச் சாப்பாட்டுக் கடைகளிலும் இதே கவனம் தேவை. வாணலி ஒன்றே, எண்ணெய் ஒன்றே என்றால் கணவாய்ப் பொரியல் கேட்டும் பயனில்லை. சில பண்டங்களில் சமையல் வைனும் சேர்ப்பார்கள். ஹலால் என்று உறுதியாகத் தெரிந்த சீனக் கடையையே நாடுங்கள்.

கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

பன்றி இறைச்சி சமைக்கிறீர்களா? பாத்திரமும் எண்ணெயும் தனியானவையா? கோழி, மாட்டிறைச்சி எங்கே வாங்குகிறீர்கள்? புடிங்கில் போடும் ஜெலட்டின் எத்தகையது? மதுபானம் பரிமாறுகிறீர்களா? இவற்றை உட்காருவதற்கு முன்பே முகமலர்ச்சியோடு கேளுங்கள். சுவரில் ஹலால் சான்றிதழ் தொங்கினால் அது இந்தக் கிளைக்குரியதா, திகதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சந்தேகமானதை விடுவது நமக்குப் பழக்கப்பட்ட நெறிதான். அதற்காகக் கடைக்காரரைக் கடிந்து கொள்ள வேண்டியதில்லை. அவர் தம் சமூகத்துக்குச் சமைக்கிறார், அவ்வளவுதான்.

நமக்கு நேர்ந்ததை மறக்கலாமா?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது நினைவிருக்கிறதா? முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்திருப்பதாக ஒரு வதந்தி. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் வெளிவந்த உண்மை என்ன? அது வெறும் மாக்கட்டி! அப்படி நிரந்தர மலடாக்கும் மாத்திரையே இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பின்னரும் முஸ்லிம் கடையில் சாப்பிடாதீர்கள் என்ற பேச்சு நாட்டில் உலாவியது. நம் வியாபாரிகள் பட்ட நட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் பரிமாறிய சோற்றையே நஞ்சென்று நினைத்தார்களே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

அந்த வேதனையை அறிந்த நாமே வேறொருவருக்கு அதைச் செய்யலாமா? "அந்தக் கடையில் பன்றி எண்ணெயாம்" என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தியை, உண்மையா பொய்யா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கிறோமே, அதுவும் அதே வகை வதந்திதான். கேட்டறிந்து ஒதுங்குவது பேணுதல். கேளாமல் தூற்றுவது அவதூறு.

இன்னொன்று. நாம் போவது போல அவர்களும் நம்மிடம் வரட்டும். அடுத்த வீட்டுச் சிங்கள அக்காவையோ தமிழ் மாமியையோ நம் கடைக்கு அழைத்துப் போகும்போது, மாட்டிறைச்சி சாப்பிடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பலர் சாப்பிடுவதில்லை. அவர்களுக்காகக் கோழியோ மரக்கறியோ சொல்லி வைப்பது பெரிய செலவல்ல. நம் அடுப்படியில் என்ன நடக்கிறதென்று ஒருமுறை கண்ட அயலவர், நாளை ஒரு வதந்தி வந்தால் நமக்காக வாய் திறப்பார்.

செலவையும் பார்த்துக் கொள்ளுங்கள். தெரியாத உணவை ஆளுக்கொன்றாக வாங்கிக் குவித்து வீணாக்காமல், ஒன்றிரண்டை எடுத்து எல்லோரும் பகிர்ந்து ருசி பாருங்கள். மிஞ்சியதைப் பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

வருகிற ஞாயிறு எங்கே போகப் போகிறீர்கள்? பிள்ளைகளிடம் கேளுங்கள். கடையில் அமர்ந்ததும் பிஸ்மி சொல்லிச் சாப்பிடட்டும். இந்த உணவை யார் சமைக்கிறார்கள், எங்கிருந்து வந்தவர்கள் என்ற கதையை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஒரு நேரச் சாப்பாட்டோடு, கூட வாழும் மக்களை அறிந்த பிள்ளைகளாக அவர்கள் வீடு திரும்புவார்கள்.