முள் நடுவிலேயே நிற்கும், இன்ஜின் கொதிக்கும்! காரில் டிஜிட்டல் கேஜ் மாட்டலாமா?

மே மாதத்தில் கொடைக்கானலோ ஏற்காடோ ஏறும்போது, கொண்டை ஊசி வளைவை ஒட்டி பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் ஒரு காரையாவது பார்க்காமல் மேலே போய்ச் சேர முடியாது. ஓட்டி வந்தவரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான். ''நல்லாத்தான் சார் வந்துட்டு இருந்துச்சு. முள்ளு நடுவுலயேதான் நின்னுச்சு. திடீர்னு சிவப்பு லைட் வந்துடுச்சு.''

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முள்தான் அவரிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் டெம்பரேச்சர் முள் இன்ஜின் சூட்டுக்கு ஏற்ப நிஜமாகவே ஏறி இறங்கும். டிராஃபிக்கில் கொஞ்சம் ஏறும், ஹைவேஸில் கொஞ்சம் இறங்கும். அது முழுக்க இயல்பானதுதான். ஆனால், அதைப் பார்த்துப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு வருபவர்கள் அதிகம். அதனால் கார் கம்பெனிகள் முள்ளையே அடக்கிவைக்க ஆரம்பித்தன. பல கார்களில் கூலன்ட் சூடு சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் முள் நடுவுக்கு வந்து நின்றுவிடும். அதன் பிறகு 100-ஐத் தாண்டினாலும் அசையாது. அது நகர ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். இப்போது வரும் பல சின்ன கார்களில் அந்த முள்ளும் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. நடுவில் நடப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது.

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும், 'அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். இன்னும் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். அந்த வேலைக்கு ஆகும் பில்லைப் பார்த்தவர்களுக்குத்தான், ஒரு சின்ன நம்பர் டிஸ்ப்ளேவின் அருமை புரியும். டிஜிட்டல் கேஜ் செய்வது அந்த ஒரு வேலையைத்தான்: காரின் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணை, உங்கள் கண்ணுக்கும் காட்டுவது.

முழங்காலுக்கு மேலே ஒரு சாக்கெட்

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் தட்டுப்படும். சில கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் இருக்கும். இதுதான் ஓ.பி.டி போர்ட். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பையோ ஸ்கேனரையோ சொருகிப் பார்ப்பார்களே, அதே இடம்தான். புகை மாசைக் கண்காணிப்பதற்காக அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ் 4 கார்களுக்கு 2010-ல் முதல் கட்டமும், 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆகவே 2013-க்குப் பிறகு தயாரான கார் என்றால், போர்ட் இருக்கிறதா என்ற கவலையே வேண்டாம்.

அந்தப் போர்ட்டில் கூலன்ட் சூடு, ஆர்.பி.எம், வேகம், இன்ஜின் லோடு, உள்ளே போகும் காற்றின் சூடு என்று பல எண்கள் கேட்டால் கிடைக்கும். 'கேட்டால்' என்பது முக்கியம். கேஜ் கேள்வி கேட்கும், இ.சி.யூ பதில் சொல்லும். கேஜுக்கென்று தனி சென்சார் எதுவும் கிடையாது.

கடையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் புளூடூத் டாங்கிள். போர்ட்டில் சொருகி, மொபைலில் டார்க் போன்ற ஆப் போட்டுக்கொள்ள வேண்டும். கார் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க இது போதும். ஆனால், மலை ஏறும்போது போனில் கூகுள் மேப் ஓடும். நடுவில் மாமியார் கூப்பிடுவார். தொடர்ந்து கண்காணிக்க இது சரிப்படாது. இரண்டாவது, போர்ட்டிலிருந்து ஒயர் வந்து டாஷ்போர்டில் உட்காரும் தனி டிஸ்ப்ளே. சில ஆயிரம் ரூபாய் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான். ஏனென்றால் இதில் அலாரம் உண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும் சில டிஸ்ப்ளேக்கள் வெறும் ஜி.பி.எஸ்-ஸில் ஓடுபவை. அவை வேகத்தை மட்டும்தான் காட்டும். இன்ஜினைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாவது வகை, போர்ட்டே இல்லாத பழைய மாருதி 800, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கானது. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் உலோக அடாப்டரைப் பொருத்தி, அதில் சென்சாரைத் திருக வேண்டும். கிளாம்ப் சரியாக இறுகாவிட்டால், கூலன்ட் கசிவைக் கண்டுபிடிக்க வாங்கிய சாமானே கசிவை உண்டாக்கிவிடும். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை... ஒயர்தான் விஷயம்

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு சொருக வேண்டும், இக்னிஷனை ஆன் செய்ய வேண்டும், கேஜ் தானாகவே காரோடு பேச ஆரம்பிக்கும். அவ்வளவுதான். எந்த ஒயரையும் வெட்டத் தேவையில்லை. யாராவது ''மெயின் ஒயர்ல ஒரு ஜாயின்ட் அடிச்சிடலாம் சார்'' என்று சொன்னால், ''வேணாம்ணே'' என்று சொல்லிவிடுங்கள். வாரன்டி பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதில் அவசரம் கூடாது. போர்ட்டிலிருந்து தொங்கும் ஒயர், கிளட்ச், பிரேக் பெடல் பக்கம் வரவே கூடாது. அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போது காலில் ஒயர் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். முழங்கால் இடிக்காமலிருக்க, எல் வடிவ பின் உள்ள ஒயர் கிடைத்தால் நல்லது.

அடுத்து, விண்ட்ஷீல்டின் ஓரத்தில் இருக்கும் தூண். ஆக்சஸரீஸ் கடைகளில் அந்தத் தூணின் பிளாஸ்டிக்கைப் பிரித்து ஒயரை உள்ளே திணித்துவிடுவார்கள். அந்தத் தூணில் 'எஸ்.ஆர்.எஸ் ஏர்பேக்' என்று எழுதியிருந்தால், உள்ளே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம். அதன் குறுக்கே ஒயர் போனால், ஏர்பேக் விரியும்போது அதற்குத் தடையாகும்; ஒயரும் கேஜும் முகத்தை நோக்கிப் பறக்கலாம். அதனால் தூணை விட்டுவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்து டாஷ்போர்டு இடுக்கு வழியாகவே ஒயரை மேலே கொண்டுவருவது நல்லது. பக்கத்து சீட்டின் ஏர்பேக் மூடி மேல் கேஜை ஒட்டவே கூடாது. ரோட்டை மறைக்காமல், கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் தெரியும் இடம்தான் சரியான இடம். நம்ம ஊர் வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் சாதாரண டபுள் டேப்பெல்லாம் உருகி வந்துவிடும். சூடு தாங்கும் டேப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

செட்டிங்கில் ஒரு சின்ன தொல்லை உண்டு. பல கேஜ்கள், பேட்டரி வோல்டேஜைப் பார்த்துத்தான் 'இன்ஜின் ஆஃப்' என்று முடிவுசெய்து தூங்கப் போகும். புது கார்களில் பெட்ரோலை மிச்சம்பிடிக்க ஆல்டர்னேட்டர் அவ்வப்போது சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். உடனே கேஜ், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். 'டூப்ளிகேட் சாமான்' என்று திட்டிவிடாதீர்கள். ஆர்.பி.எம்-மைப் பார்த்து ஆஃப் ஆகும்படி செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடும். அதேபோல பத்து, பதினைந்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கேஜைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். அந்தப் போர்ட்டில் எப்போதும் கரன்ட் உண்டு; கேஜ் சொட்டுச் சொட்டாக பேட்டரியைக் குடித்துவிடும்.

உங்க காரோட 'நார்மல்' எவ்வளவு?

கேஜ் மாட்டிய முதல் வாரம் ஒரே ஒரு வேலைதான். சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். காலையில் எவ்வளவு நேரத்தில் 80-ஐத் தொடுகிறது, ஹைவேஸில் எங்கே நிற்கிறது, ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது எதுவரை போகிறது, ரேடியேட்டர் ஃபேன் எந்த எண்ணில் ஓட ஆரம்பிக்கிறது... இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்கள் 85-லிருந்து 105 டிகிரிக்குள் ஏறி இறங்கும். 100-ஐப் பார்த்ததும், 'ஐயோ, தண்ணி கொதிக்குதே' என்று பதற வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, கூலன்ட் கலவை; அதுவும் அழுத்தத்தில் மூடி வைக்கப்பட்டது. சரியான கலவையும் நல்ல மூடியும் இருந்தால், கொதிநிலை 120-ஐத் தாண்டிவிடும். வழியில் கிடைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உங்கள் கார் ஹைவேஸில் எப்போதும் 90-ல் நிற்கும் என்று தெரிந்துவிட்டால், ஒருநாள் அதே ரோட்டில் 97 காட்டும்போது உங்களுக்கே உறுத்தும். முள் அப்போதும் நடுவில்தான் நிற்கும். கூலன்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதியில் மாட்டியிருக்கலாம். எதுவானாலும் ஊரில் இருக்கும்போதே, சின்ன செலவில் முடியும். சூடு ஏறாமலே இருந்தாலும் தப்புதான். அரை மணி நேரம் ஓட்டியும் 70-ஐத் தாண்டவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று சந்தேகப்படலாம், மைலேஜ் குறையும். மதுரை மே மாத வெயிலில் கேஜ் மைனஸ் 40 காட்டினால் சிரிக்காதீர்கள். இ.சி.யூ சொல்லக்கூடிய மிகக் குறைந்த எண் அது. சென்சார் ஒயர் கழன்றிருக்கிறது.

அலாரத்தை உங்கள் நார்மலின் உச்சத்தைவிட ஐந்தாறு டிகிரி மேலே வையுங்கள். டிராஃபிக்கில் 102 வரை போகும் கார் என்றால் 108. மலை ஏறும்போது கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் கேஜைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால், இன்ஜின் பிழைக்கும், நாம்தான்...

அலாரம் அடித்தால் முதலில் ஏசியை ஆஃப் செய்யுங்கள். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபுல் ஸ்பீடில் வையுங்கள். குடும்பமே திட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டால், பல நேரம் சில நிமிடங்களில் எண் இறங்கிவிடும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஆஃப். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் பீய்ச்சி அடித்து முகம் வெந்துபோகும்.

கேஜுக்குத் தெரியாதவை

இதை வாங்கிவிட்டால் இன்ஜினைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹோஸ் வெடித்து கூலன்ட் மொத்தமாகக் கொட்டிவிட்டது என்று வையுங்கள். சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது. இன்ஜின் உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும். சென்சாரோ வெறும் காற்றை அளந்து, குறைவான எண்ணைக் காட்டலாம். ஏறிக்கொண்டிருந்த எண் காரணமே இல்லாமல் சட்டென்று இறங்கினால், சந்தோஷப்படாமல் வண்டியை நிறுத்துங்கள்.

ஆயில் பிரஷர் இன்னொன்று. பெரும்பாலான கார்களில் அதற்கு இருப்பது ஒரு சாதாரண ஸ்விட்ச்தான். அது எண் எதையும் சொல்லாது. டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தால், கேஜ் எவ்வளவு அழகான எண்களைக் காட்டினாலும் அந்த நொடியே இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். மைலேஜ் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள், அது ஒரு கணக்குதான். டேங்க் ஃபுல் செய்து பார்ப்பதுதான் நிஜம். கேஜ் வேகம், ஸ்பீடோமீட்டரைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது பழுது இல்லை. ஸ்பீடோமீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்வார்கள்.

வோல்டேஜ் மட்டும் தினமும் ஒரு பார்வை பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது. 12.2-க்குக் கீழே போனால் பாதி காலி. ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்கும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள கார் இல்லை, ஆனாலும் ஓட ஓட 12-ஐ நோக்கி இறங்குகிறது என்றால், பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ பார்த்தாக வேண்டும். இரவு நேரத்தில் வழியில் நிற்பதற்கு முன்பே கிடைக்கும் தகவல் இது.

கடைசியாக ஒரு பட்டனைப் பற்றி. பல கேஜ்களில் எர்ரர் கோடைப் படிக்கவும் அழிக்கவும் வசதி உண்டு. 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்ததும் அதை அழித்துவிட்டு, ''நானே சரி பண்ணிட்டேன்'' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அழித்தால் விளக்குதான் போகும், கோளாறு அப்படியே இருக்கும். கூடவே, கோளாறு வந்த நேரத்தில் சூடு எவ்வளவு, ஆர்.பி.எம் எவ்வளவு என்று இ.சி.யூ எடுத்துவைத்திருக்கும் குறிப்பும் அழிந்துவிடும். மெக்கானிக்குக்கு அதுதான் தடயம். கோடைப் படியுங்கள், மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அழிக்காமல் அவரிடம் கொண்டுபோங்கள். சர்வீஸுக்கு வண்டியை விடும்போது கேஜைக் கழற்றி டேஷ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அவர்களுடைய ஸ்கேனருக்கும் அதே போர்ட்தான் வேண்டும்.