நேர்முகப் பரீட்சையும் நேரான சொல்லும்

 

அரநாயக்கவிலோ, தல்கஸ்பிட்டியவிலோ, ஹெம்மாத்தகமவிலோ ஒரு பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்துவிட்டால், அவ்வீட்டாரின் கனவு முழுவதும் 'டொக்டர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றது. அக்கனவில் தவறில்லை. நோயாளியின் வேதனையைத் தணிப்பது பெரும் நன்மை. ஆனால், அந்த இடத்தை அடைவதற்காக எமது நாவு எதைச் சொல்கின்றது, எமது பேனா எதை எழுதுகின்றது என்பதையும் நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

எங்கே கேள்வி கேட்கப்படுகின்றது?

எமது நாட்டின் அரச மருத்துவ பீடங்களுக்கான பொது அனுமதியில் நேர்முகப் பரீட்சை கிடையாது. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை முதல் இஸட் புள்ளியே அளவுகோலாக இருந்து வருகின்றது. மருத்துவ பீட இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது.

இதனால் நேர்முகப் பரீட்சை எமக்குரிய விடயமன்று என எண்ணிவிட வேண்டாம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்போர் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பிப்போர் தம்மைப் பற்றித் தாமே எழுத வேண்டும். தெரிவுக் குழுவின் முன் அமர்ந்து விடை கூறவும் வேண்டும். 'நீங்கள் ஏன் வைத்தியராக விரும்புகின்றீர்கள்? சமூகத்திற்கு என்ன சேவை செய்துள்ளீர்கள்?' என்ற வினாக்கள் அங்கே தவறாமல் வரும். மிகைப்படுத்தல் என்னும் நோய் தலைகாட்டுவதும் அங்கேதான்.

ஒரே கதையைச் சொன்ன இருநூறு பேர்

பிரித்தானியாவில் பல்கலைக்கழக விண்ணப்பதாரிகள் தம்மைப் பற்றி ஒரு கூற்று எழுதி அனுப்புவது வழக்கம். 2007ஆம் ஆண்டுக்கான அனுமதியின்போது, ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவம் முதலான துறைகளுக்கும் வந்த ஏறத்தாழ 50,000 கூற்றுகள் கணினி மூலம் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே சம்பவத்தை எழுதியிருந்தனர். எட்டாவது பிறந்தநாளில் கிடைத்த இரசாயன விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு சோதனை செய்தபோது இரவு உடையில் ஓட்டை விழுந்ததாம். அன்றுதான் விஞ்ஞானத்தில் ஆர்வம் பிறந்ததாம்! இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிக் கூற்றை எடுத்து, அதைத் தம் வாழ்க்கையாக அவர்கள் மாற்றியிருந்தார்கள்.

சிரிப்பு வரலாம். ஆயினும், எழுதியவர்கள் மூடர்கள் அல்லர், கெட்டிக்கார மாணவர்கள். தமது உண்மையான வாழ்க்கை போதாது என்ற அச்சமே அவர்களை அவ்வாறு எழுத வைத்தது. அந்த அச்சம் எமது பிள்ளைகளிடமும் உண்டு.

கிடைக்காததை அணிந்து கொள்வது

'பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்' என்பார்கள் சிலர். இவ்விரண்டுக்கும் இடையில் இவர்கள் நினைக்கும் தூரத்தை மார்க்கம் வைக்கவில்லை. தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தாம் செய்யாதவற்றுக்காகப் புகழப்பட விரும்புவோரைப் பற்றி ஸூரா ஆலு இம்ரானின் 188ஆவது வசனம் கடுமையாக எச்சரிக்கின்றது. நேரான சொல்லையே சொல்லுமாறு ஸூரதுல் அஹ்ஸாபின் 70ஆவது வசனம் விசுவாசிகளைப் பணிக்கின்றது.

எமது ஊரிலிருந்தே ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து, சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்கள் மண்ணுக்குள் புதைந்ததை அரநாயக்க மக்கள் மறக்கமாட்டார்கள். அன்று எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த ஒருவன், பத்தாண்டுகளின் பின்னர் தெரிவுக் குழுவின் முன் அமர்கின்றான். 'அனர்த்தத்தின்போது காயமடைந்தோருக்கு முதலுதவி செய்தேன்' என்கின்றான். 'அப்போது உமக்கு என்ன வயது?' என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்படுகின்றது. அதோடு அவன் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சரிந்துவிடுகின்றன.

அதே பிள்ளை இவ்வாறு சொல்லியிருக்கலாம்: 'அப்போது எனக்கு எட்டு வயது. வாப்பா முகாமுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு சென்றார். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் போனேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. எதுவும் செய்ய முடியாமல் நின்ற அந்த நேரம்தான் எனக்கு மறக்கவில்லை.' இதில் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. ஆயினும் எந்தக் குழுவும் இதைக் கவனமாகக் கேட்கும். இறந்தோரின் துயரைத் தன் பெருமைக்கு மூலதனமாக்கும் பாவத்திலிருந்தும் அவன் தப்பிக்கொள்வான்.

இன்று பல நாடுகளில் தெரிவு முறையும் மாறியுள்ளது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையில், ஒரே குழுவின் முன் நீண்ட நேரம் பேசுவதற்குப் பதிலாக, விண்ணப்பதாரி பல சிறு நிலையங்களைக் கடந்து செல்கின்றார். ஒவ்வொரு நிலையத்திலும் வேறொருவர், வேறொரு பிரச்சினை, சில நிமிடங்கள் மாத்திரமே. மனனம் செய்துவைத்த கதைக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

தகுதியைச் சொல்வது தவறா?

அப்படியாயின் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லக்கூடாதா? அதுவும் சரியன்று. நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்ட யூஸுப் (அலை) அவர்கள், தாம் பாதுகாக்கக் கூடியவர், அறிவுள்ளவர் என்பதை அரசரிடம் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்கள். உள்ள தகுதியைத் தேவையான இடத்தில் உள்ளபடி கூறுவது பெருமையடித்தல் ஆகாது. அடக்கம் என்ற பெயரில் தலைகுனிந்து மௌனமாக இருந்துவிட்டு வரும் எமது பெண் பிள்ளைகள் இதை விசேடமாகக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

உண்மை உடனடியாகப் பலன் தருமென்று எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாதோர் பலர் சாக்குப்போக்குக் கூறித் தப்பிக்கொண்டனர். பேச்சு வன்மை மிக்கவரான கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ, தமக்கு எந்த நியாயமான காரணமும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் விளைவாக ஐம்பது இரவுகள் ஊரே அவர்களோடு பேசவில்லை. பின்னர் அவர்களது தௌபா ஏற்கப்பட்ட செய்தி அல்குர்ஆனிலேயே இறங்கியது. உண்மைக்கு விலை இருந்தது. ஆனால் அதைக் கொடுத்ததற்காக அவர்கள் பின்னர் ஒருபோதும் வருந்தவில்லை.

மருத்துவத்தில் இது ஏன் பெரிதாகின்றது?

கிபி 931ஆம் ஆண்டு பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளியொருவர் இறந்த செய்தி கலீபா அல்முக்ததிரை எட்டியது. நகரின் வைத்தியர்களைப் பரீட்சித்த பின்னரே தொழில் செய்ய அனுமதிக்க வேண்டுமென அவர் கட்டளையிட்டார். அப்பொறுப்பை ஏற்ற ஸினான் இப்னு தாபித்தின் முன் எண்ணூறுக்கும் அதிகமானோர் தோற்றியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர்களுள் கண்ணியமான தோற்றமுடைய ஒரு முதியவரும் இருந்தார். தமக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதை அவர் ஸினானிடம் ஒப்புக்கொண்டு, குடும்பத்தின் பிழைப்பு இதில்தான் தங்கியுள்ளது என மன்றாடினார். தெரியாத நோயில் கை வைக்கக்கூடாது, இரத்தம் குத்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை ஸினான் விதித்தார். முதியவர் தாம் எப்போதும் எளிய பானங்களைத் தாண்டியதில்லை என்றார்.

அம்முதியவரை நாம் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. ஆனால் ஸினான் விதித்த நிபந்தனை இன்றும் செல்லுபடியாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே ஒரு வைத்தியரின் முதலாவது பாதுகாப்பு. இரத்த அழுத்தத்தை அளக்காமலேயே அளந்ததாக எழுதும் கை, ஒரே நாளில் அப்படி ஆகிவிடுவதில்லை. செய்யாத சேவையைச் செய்ததாக விண்ணப்பத்தில் எழுதியபோதே அது பழகத் தொடங்கிவிட்டது. அன்று ஏமாந்தது ஒரு குழு. நாளை அதே பழக்கத்திற்கு விலை கொடுப்பது ஒரு நோயாளியின் உயிர்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை

பிள்ளை இக்கலையை எங்கே கற்கின்றது? முதலாம் தர அனுமதிக்கான நேர்முகப் பரீட்சையில், வசிக்காத வீட்டுக்கு வதிவிட அத்தாட்சி காட்டும்போது பிள்ளை உங்கள் பக்கத்தில்தான் நிற்கின்றது. அதிபர் கேட்டால் எந்த முகவரியைச் சொல்ல வேண்டும் என்று முதல் நாள் இரவு நீங்களே சொல்லிக் கொடுக்கின்றீர்கள். 'வா, தருகிறேன்' என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்க எண்ணியுள்ளீர் என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்பதை அவர்கள் உணர்த்தினார்கள். ஒரு பேரீச்சம்பழத்தில் காட்டப்பட்ட கவனம் இது.

மாவட்ட ஒதுக்கீட்டிலும் இதே சோதனை உண்டு. இரத்தினபுரி கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. எமது கேகாலை அதில் இல்லை. படிக்காத பாடசாலையில் படித்ததாகவும், வசிக்காத மாவட்டத்தில் வசித்ததாகவும் ஆவணம் தயாரித்துப் பெறும் இடம், லயன் அறையில் மங்கிய வெளிச்சத்தில் படித்த ஒரு தோட்டத்துப் பிள்ளையின் இடமாக இருக்கலாம். அது அடியார்களின் உரிமையோடு சம்பந்தப்பட்டது. அப்பிள்ளை மன்னிக்காதவரை வெறும் இஸ்திஃபாரால் அது தீர்ந்துவிடாது.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு, தனக்குப் பதிலாக இன்னொருவரை நுழைவுப் பரீட்சை எழுத வைத்துத் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததாக ஒரு மாணவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவரோடு கைது செய்யப்பட்டவர் அவரது தந்தை. அவரும் ஒரு மருத்துவர். பாசம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது போதுமான படிப்பினை.

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன்

இளைஞர்களே, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது என் வாழ்வில் நடந்ததா? என்னோடு அங்கே இருந்தவர் இதை வாசித்தால் ஒப்புக்கொள்வாரா? இதைப் பற்றி இன்னும் பத்துக் கேள்விகள் கேட்டாலும் தடுமாறாமல் விடை சொல்வேனா? 'நாம் செய்தோம்' என்பதை 'நான் செய்தேன்' என்று மாற்றாதீர்கள். இரண்டு நாள் சென்ற வைத்தியசாலையை இரண்டு மாதமாக்காதீர்கள். நோயுற்ற உம்மும்மாவுக்கு வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்தது சிறிய காரியம் என்று அதை மறைக்கவும் வேண்டாம். தெரிவுக் குழு தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.

அனுமதி கிடைக்காமலும் போகலாம். அதனால் ரிஸ்கின் வாசல் மூடப்பட்டுவிடுவதில்லை. பொய்யால் திறந்த வாசலிலோ ஒவ்வொரு நாளும் அச்சத்தோடுதான் நுழைய வேண்டும்.

எமது பிள்ளைகளின் கைகளில் குணத்தையும், நாவுகளில் உண்மையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.