ஜிம்னிக்கு 2 அங்குல லிஃப்ட் போட்டால் உண்மையில் எது உயரும்?

மாருதி ஜிம்னி வாங்கியாச்சு. அடுத்து சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட் 2 அங்குலமா, 4 அங்குலமா? முதலில் ஒரு கணக்கு.

ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் என்பதால், அதில் புடைத்து நிற்கும் டிஃபரென்ஷியல்தான் கல்லில் முதலில் இடிக்கும். லிஃப்ட் போட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் பாடி உயரும். டிஃபரென்ஷியல்? இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த, நடைமுறையில் பெரிய டயர்தான் வழி. அதிலும் பாதிதான் கைக்கு வரும்: 195/80 ஆர்15-லிருந்து 235/75 ஆர்15-க்கு மாறினால் விட்டம் சுமார் 40 மி.மீ. கூடும்; கிளியரன்ஸ் 20 மி.மீ. மட்டுமே.

அப்போ லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் உரசாமல் திரும்ப, மேட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க. அதற்கு 2 அங்குலமே தாராளம். 4 அங்குலம் போனால் காஸ்டர் கோணம் குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும். வளைவில் கவிழும் அபாயமும் கூடும். பிரேக் ஹோஸ், பேன்ஹார்டு ராடு என்று செலவு நீளும். கிட் விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போடாதீங்க.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவையும் பாருங்க. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்க.