கொழுப்பு முன்மருந்துகளும் நோயாளியின் உணவும்

வாய்வழி உட்கொள்ளும் மருந்து முதலிற் குடலிற் கரைதல் வேண்டும். பின்னர் ஈரலின் தாக்கத்துக்குத் தப்புதல் வேண்டும். ஆண் ஓமோனாகிய தெசுத்தோசுத்தரோன் நீரில் அரிதாகவே கரையும். குடலிலிருந்து குருதியோடு ஈரலை அடைந்ததும் பெரும்பகுதி சிதைக்கப்படும். இவ்விரு தடைகளையும் கடக்கும் வழியொன்றை நாம் இங்கு நோக்குவோம்.

11 காபன் அணுக்களைக் கொண்ட கொழுப்பமிலமொன்றை எசுத்தர்ப் பிணைப்பால் இவ்வோமோனுடன் இணைத்தால், எண்ணெயிற் கரையும் அன்டெக்கனோயேற்று என்னும் முன்மருந்து கிடைக்கும். அதன் ஒரு பகுதி, குடற்கலங்களில் உணவுக் கொழுப்பைக் காவும் கைலோமைக்கிரன் துணிக்கைகளுட் புகுந்து, நிணநீரோடு நெஞ்சறைக்கானூடாகச் சென்று, ஈரலைத் தவிர்த்துக் குருதிச் சுற்றோட்டத்தை அடைகிறது. பின்னர் நொதியங்கள் பிணைப்பை அறுத்து ஓமோனை விடுவிக்கின்றன.

ஆயின், அத்துணிக்கைகள் உருவாவதற்கு உணவிற் கொழுப்பு வேண்டும். வெறுவயிற்றில் இம்மருந்தின் அகத்துறிஞ்சல் மிகக் குறைவு. ஆமணக்கெண்ணெய் சேர்ந்த வடிவம் நன்கு பயன்தர உணவிற் சுமார் 20 கிராம் கொழுப்பு தேவை. 2019இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற, குடலில் தானே பால்மமாகும் வடிவமும் உணவுடனேயே கொள்ளப்பட வேண்டியது. எனவே, எண்ணெய் அரிதாகிய உணவை உண்ணும் வறிய நோயாளிக்கு வழமையான மருந்தளவு போதாது போகலாம். மருந்தின் அளவை வகுப்போர் அவனது உணவையும் கணக்கிலெடுத்தல் வேண்டுமென்பதே நமது கருத்து.