செருப்பு வாரில் தொடங்கும் பேச்சு

ஞாயிற்றுக்கிழமை மாலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உறவினர் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். உடனே என் ஒன்றரை வயதுப் பேத்திக்குப் பரீட்சை ஆரம்பமாகிவிட்டது. "மாமாவுக்கு மூக்கைக் காட்டு. காக்கா எப்படிக் கத்தும்? சொல்லு செல்லம், சொல்லு!" அவள் யாரையும் பார்க்கவில்லை. அந்தச் செருப்பின் ஒட்டுப்பட்டையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

அவளோடு பேச விரும்புகிறவர் போய் உட்கார வேண்டிய இடம் அந்த வாசல்தான். டொமசெல்லோ, ஃபரார் என்ற இரு உளவியலாளர்கள் 1986-இல் ஏறக்குறைய இதே வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் அது நன்றாகப் பதிகிறது. கவனத்தை வேறொன்றுக்குத் திருப்பிச் சொல்லும் பெயர் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

கனடாவின் டொராண்டோவில் உள்ள ஹேனன் மையம் பெற்றோருக்கு மூன்று பழக்கங்களைச் சொல்லித்தருகிறது: கவனியுங்கள், காத்திருங்கள், கேளுங்கள். நடுவில் இருக்கிறதே, காத்திருப்பது, அதுதான் நமக்குக் கைவராதது. குழந்தை வாய் திறப்பதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் நம் பாட்டிகளுக்கு அது கைவந்திருந்தது. பருப்பு கடைகிற விளையாட்டை நினைத்துப் பாருங்கள். பிஞ்சு உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கடைசியில் இரு விரல்கள் நண்டாகக் கையில் ஊர்ந்து ஏறும். அக்குளுக்குச் சற்று முன்னால் பாட்டி நின்றுவிடுவாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கும். அப்புறம்தான் கிச்சுகிச்சு. இரண்டு மூன்று தடவை ஆனதும் குழந்தை தானாகவே கையை நீட்டும். 'இன்னொரு தடவை' என்று அது சொல்லிவிட்டது. வார்த்தை பிறகு வரும்.

வந்த வார்த்தை அரைகுறையாக இருந்தாலும் திருத்த வேண்டாம். "தண்ணி" என்பதை அது "தன்னி" என்று சொன்னால், "தண்ணி வேணுமா? இந்தா, சில்லுன்னு தண்ணி" என்றால் போதும். கைபேசி இப்படிப் பதில் சொல்லாது, காத்திருக்காது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

விளையாட்டு மட்டும் போதாத குழந்தைகளும் உண்டு. ஒரு வயதைத் தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் சுட்டிக்காட்டவில்லை, மழலை ஒலி இல்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிச் சொல்லியே தவறிப்போகும் மாதங்கள் திரும்ப வராது.

அன்று கடைசியில் என் மகள்தான் எழுந்துபோய் வாசலில் குந்தினாள். ஒட்டுப்பட்டையைப் பிரித்தாள். "சர்ர்ர்." பிறகு ஒன்றும் பேசாமல் கையை எடுத்துக்கொண்டாள். பேத்தி அவளைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். தானே இழுத்தாள்.

"ர்ர்ர்."