உதவும் கை கற்க வேண்டியது

பிறர்க்கு உதவுதல் நன்று என்பதை மறுப்பார் யாருமிலர். ஆயின், உதவ விரும்புவது ஒன்று. உதவத் தெரிவது மற்றொன்று. விருப்பம் நம்மவரிடம் இயல்பாகவே உண்டு. தெரிவு பயின்று பெறவேண்டியது. மாற்றுத்திறனாளரோடு நாடோறும் பழகும் ஆசிரியர், தாதியர், இலிகிதர், பஸ் நடத்துநர் முதலியோருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்று சொன்னால், “எங்களுக்கு இரக்கம் இல்லையா?” என்று சிலர் மனம் நோகின்றனர். அவர்களுக்கு விடையாக, நான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் இழைத்த பிழையொன்றை முதலிற் கூறிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒரு சிறுவன் பின்வாங்கில் இருந்தான். கேட்ட கேள்விக்கு விடை சொல்லான். மந்த புத்தியுடையவன் என்றே எண்ணினேன். பின்னர், அவனுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தாயார் சொல்லி அறிந்தேன். இரக்கம் மேலிட, அவனை முன்வாங்கிற்கு மாற்றினேன். அவன் பொருட்டுக் குரலை உயர்த்திக் கத்திக் கத்திப் பாடம் நடத்தினேன். ஏனைய மாணவர் நகைத்தனர். சில வாரங்களில் அவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

வீடு தேடிச் சென்று காரணம் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவன், “சேர், நீங்கள் கத்தும்போது உங்கள் வாய் வேறுமாதிரிப் போகிறது, சொல் விளங்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது உங்கள் முகமே தெரியவில்லை” என்றான். உதட்டசைவைக் கண்டே அவன் பாடம் கற்று வந்திருக்கிறான். நானோ அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டேன். மறுபடி அவன் பாடசாலைக்கு வந்தபோது ஓராண்டு வீணாகியிருந்தது. அந்த ஓராண்டை என்னால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எனக்கு இரக்கம் இருந்தது. ஆனால், “உனக்கு எது உதவும்?” என்று அவனை ஒருமுறையேனும் கேட்கவில்லை.

தனி ஆசிரியன் ஒருவன் செய்த இப்பிழையைப் பேரவையொன்று கூடிச் செய்த வரலாறும் உண்டு. 1880ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகரில், செவிப்புலனற்றோர் கல்வி பற்றி ஆராய ஒரு சர்வதேச மாநாடு கூடிற்று. அங்கு வந்திருந்தோரிற் பெரும்பாலார் செவிப்புலன் உடைய ஆசிரியர்கள். சைகை மொழியை விலக்கி, வாய்ப் பேச்சின் மூலமே கற்பிக்கவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தனர். அதன் பயனாக ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி அகற்றப்பட்டது; செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் தொழில் இழந்தனர். தீர்மானித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நன்மை செய்வதாகவே நம்பினர். அத்தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க, 2010ஆம் ஆண்டில் கனடாவின் வன்கூவர் நகரில் நடைபெற்ற மாநாடு வரை, 130 ஆண்டுகள் செல்லவேண்டியதாயிற்று.

அவ்வாறாயின், பயிற்சியிற் கற்பது யாது? முதலாவது பாடம், கேட்டபின் உதவுதல். வெண்பிரம்போடு வீதியோரம் நிற்பவர் வீதியைக் கடக்கத்தான் நிற்கிறார் என்பதற்கு உறுதி என்ன? அவர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கலாம். ஆதலால், முதலில் நாம் இன்னார் என்று குரல் கொடுக்கவேண்டும். உதவி வேண்டுமா என்று கேட்கவேண்டும். அவர் ஆமென்றால், அவர் கையைப் பற்றி இழுத்தல் ஆகாது. நம் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ள, நாம் அரையடி முன்னே நடந்தால், நம் உடலின் அசைவைக் கொண்டே படியையும் பள்ளத்தையும் அவர் அறிந்துகொள்வார். விட்டுப் பிரியும்போது சொல்லிவிட்டுப் பிரியவேண்டும். இல்லையேல், வெறுங்காற்றோடு அவரைப் பேசவிட்ட பழி நம்மைச் சேரும்.

இரண்டாவது பாடம், உரியவரோடு பேசுதல். வைத்தியசாலையில் சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டு, பின்னே நிற்பவரிடம் “இவருக்கு என்ன வருத்தம்?” என்று கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த ஒருவரை அவர் முன்னிலையிலேயே சிறு பிள்ளையாக்கும் செயல் அது. சைகை மொழிபெயர்ப்பாளர் உடன் வந்திருந்தாலும், நம் முகம் செவிப்புலனற்றவரை நோக்கியே இருத்தல் வேண்டும். முகத்தில் வெளிச்சம் படவேண்டும். வாயைக் கையால் மறைத்தலாகாது. திக்கிப் பேசுபவரின் சொல்லை நாம் முடித்து வைக்காமற் பொறுத்திருக்கவேண்டும். சக்கர நாற்காலி அதிலிருப்பவரின் உடலோடு ஒத்தது. கேளாமல் அதைத் தள்ளுவது ஆளையே தள்ளுவதாகும். விளங்கிக்கொள்ள நேரம் வேண்டியவர்க்கு ஒரு சமயத்தில் ஒரு செய்தியை மட்டும் சிறு வாக்கியத்தில் சொல்லவேண்டும்.

மூன்றாவது பாடம், தடை எங்கே உள்ளது என்று காணுதல். சக்கர நாற்காலியில் வந்தவர் கந்தோருக்குள் ஏற இயலாதபோது, குறை அவர் காலில் உள்ளது என்கிறோம். படிக்கட்டை அமைத்தவர் சாய்தளத்தை மறந்தார் என்று எண்ணுவதில்லை. சாய்தளம் அமைத்த இடங்களிலும் அதன்மேல் சைக்கிள்களை நிறுத்தி வைப்போமாயின், அத்தடைக்கு யார் பொறுப்பு? கட்டடத்தைக் கொத்தனார் திருத்தலாம். சைக்கிளை அகற்றவேண்டியவர் அங்குப் பணிபுரிபவரே.

பயிற்சி நடத்துவோர் சிலர் கலந்துகொள்வோரின் கண்ணைக் கட்டிச் சற்று நேரம் நடக்கவிடுகின்றனர். இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கண் கட்டப்பட்டவர் உணர்வது முதல் நாளின் அச்சத்தையே. பல்லாண்டு பழகியவர் பெற்றுள்ள திறமை அந்நேரத்தில் அவருக்குப் புலனாகாது. “ஐயோ பாவம்” என்ற எண்ணமே மிஞ்சும். அதனிலும் சிறந்தது, மாற்றுத்திறனாளர் ஒருவரே பயிற்சியாளராக முன்னின்று தம் அனுபவத்தைச் சொல்வது. எனக்குப் பாடம் சொல்லித் தந்தவனும் அச்சிறுவன்தானே!

இது ஒரு சிலரது காரியம் என்று எண்ணவேண்டாம். நமது நாட்டின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றுள் ஏதோவொன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். நூற்றுக்கு எண்மருக்கு மேல் என்பது இதன் பொருள். இவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுக்கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ, மாற்றுத்திறனாளரோடு பணிபுரிவோருக்குப் பயிற்சி அளித்தலை அரசின் கடமைகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டுவருபவர் வாசலில் நிற்கும் ஊழியரே.

நம் புலவர் மரபில் இரட்டையர் என இருவரைச் சொல்வர். ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர்தோறும் சென்று கவி பாடினர் என்பது செவிவழி வரலாறு. சுமந்தவர் மட்டும் உதவினார் என்று சொல்லலாமா? வழி சொன்னவரும் உதவினார். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டமையாலேயே இருவரும் ஊர் சேர்ந்தனர்.

ஆதலின் நேயர்களே, நாளைக் காலை உங்கள் பாடசாலைக்கோ, வைத்தியசாலைக்கோ, கந்தோருக்கோ ஒருவர் வெண்பிரம்போடோ சக்கர நாற்காலியிலோ வரக்கூடும். கை நீட்டுமுன் வாய் திறந்து, “நான் எவ்வாறு உதவலாம்?” என்று அவரையே கேளுங்கள். பின்னர் அவர் சொல்லும் விடைக்குச் செவிகொடுங்கள். நான் அதை மிகப் பிந்திக் கற்றேன். நீங்கள் முந்திக் கற்றுக்கொள்ளுங்கள்.