பூட்டு இருந்தது; காவல் இல்லை

வீட்டுப் பீரோவில் கிடந்த மதிப்பெண் பட்டியலும் ஓட்டுநர் உரிமமும் மத்திய அரசின் கணினிக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2015-இல் தொடங்கப்பட்ட ‘டிஜிலாக்கர்’ மின்னணுப் பெட்டகம் வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை என 2017-இல் விதி திருத்தப்பட்டது. அந்தப் பெட்டகத்தின் பூட்டில் ஓட்டை இருப்பது 2020 மே மாதம் தெரியவந்தபோது, அதன் பயனாளர்கள் 3.8 கோடிப் பேர்.

பெட்டகத்தைத் திறக்க இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல். மற்றொன்று, ஆறு இலக்க ரகசிய எண். கடவுச்சொல் சரிதானா என்று பார்த்த மென்பொருள், அதைக் கொடுத்தவர்தான் பெட்டகத்துக்கு உரியவரா என்று பார்க்கவில்லை. தம் செல்பேசிக்கு வந்த கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, இடையில் பிறரது அடையாளத்தைச் செருகினால் அவராகவே உள்ளே நுழைந்துவிடலாம். ரகசிய எண்ணையும் தாண்டிவிடலாம் என்று குறையைக் கண்டறிந்த ஆய்வாளர் தெரிவித்தார். வங்கிப் பெட்டக அறையின் காவலர், வந்தவரின் அடையாள அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் திறந்துகொள்ள விடுவதைப் போன்றது இது.

புதிய வசதிகளைச் சேர்த்தபோது பிழை புகுந்துவிட்டது. எச்சரிக்கை வந்த ஒரே நாளில் சரிசெய்யப்பட்டது. எவருடைய தகவலும் கசியவில்லை என்று டிஜிலாக்கர் நிர்வாகம் விளக்கமளித்தது. வேகம் பாராட்டத்தக்கதே. பாடம் மற்ற துறைகளை எட்டியதா என்பது வேறு விஷயம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், வருமான வரித் துறையின் இணையதளத்தில் இதே இனத்தைச் சேர்ந்த குறை கண்டுபிடிக்கப்பட்டது. முறைப்படி உள்ளே நுழைந்த ஒருவர், கணினிக்குச் செல்லும் கோரிக்கையில் தமது பான் எண்ணுக்குப் பதிலாகப் பிறர் எண்ணை வைத்தால் போதும். முகவரி, வங்கிக் கணக்கு விவரம், ஆதார் எண் வரை கண்முன் வந்து நின்றன. அக்டோபர் தொடக்கத்தில் குறை களையப்பட்டது. அந்தத் தளத்தில் பதிவு செய்திருந்தோர் 13.5 கோடிக்கும் அதிகம்.

தகவல் கசிந்தால் குடிமகனுக்கு என்ன பரிகாரம்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, பாதுகாப்பில் அலட்சியம் காட்டுவோர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் அது நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசுத் துறைகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்தப் பிரிவையே நீக்க வழி செய்கிறது. அலட்சியத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம் என்று கூறும் புதிய சட்டம், அந்தத் தொகையை இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்க்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அதில் பங்கில்லை. தவறு செய்தது மத்திய அரசுத் துறை என்றால், அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணம் மாறும், அவ்வளவுதான்.

விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கசிவு நேர்ந்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உள்ளிட்ட முக்கியக் கடமைகள், அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே அமலுக்கு வரும் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது.